பார்ட்னர் உறுதியாகாமல் விமானம் ஏறாதீர்கள்: மொனாஸ்டிரில் இரண்டு வாரம்

ஜனவரியில் துனிசியாவின் மொனாஸ்டிருக்குப் போய் இரண்டு வாரம் டபிள்யூ15 டென்னிஸ் போட்டிகளில் பதிந்தேன். தனியாகத்தான் போனேன். கோச் வரவில்லை, அப்பாவுக்கு டிக்கெட் எடுக்கப் பணம் இல்லை. சிங்கிள்ஸில் குவாலிஃபையிங் என்ற தகுதிச் சுற்றைத் தாண்டுவதே எனக்குப் பெரிய பாடு, அது தெரிந்துதான் போனேன். டபுள்ஸில் ஒரு தரவரிசைப் புள்ளியாவது எடுத்துவிடலாம் என்பது கணக்கு. கடைசியில் இரண்டு வாரத்தில் ஆடியது ஒரே ஒரு டபுள்ஸ் மேட்ச். செலவு 2,18,000 ரூபாய், அதற்குக் கையில் வந்தது ஆறாயிரத்துக்கும் கீழே. தோற்றதுகூட வலிக்கவில்லை. கிளம்பும் முன் யாராவது ஒரு மணி நேரம் உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் பாதிக்கு மேல் தவிர்த்திருக்கலாம் என்பதுதான் இன்னும் வயிறு எரிகிறது.

முதலில் இந்தப் போட்டி என்ன என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெற்றோர் பலருக்கு இது புரிவதில்லை. சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பான ஐடிஎஃப் நடத்தும் பெண்கள் தொழில்முறைப் போட்டிகளில் டபிள்யூ15 தான் அடிப்படி. அதற்கு மேலே 35, 50, 75, 100 என்று ஏறும். அந்த எண் பணத்தைக் குறிப்பதில்லை, சிங்கிள்ஸ் பட்டம் வென்றவருக்குக் கிடைக்கும் புள்ளியைக் குறிக்கிறது. டபிள்யூ15இல் மட்டும் மொத்தப் பரிசுத் தொகையும் 15,000 டாலராக இருப்பதால் எல்லோரும் குழம்புவார்கள். அந்த 15,000இல் டபுள்ஸுக்கு ஒதுங்குவது சின்னப் பங்கு. பட்டம் வெல்லும் ஜோடிக்கே, இருவருக்கும் சேர்த்து, ஆயிரம் டாலர் தேறாது. முதல் சுற்றில் தோற்றால் ஆளுக்கு நூறு டாலருக்கும் குறைவு, அதிலும் உள்ளூர் வரி பிடித்தம் உண்டு. ஆகவே பணத்துக்காக யாரும் இங்கே டபுள்ஸ் ஆடுவதில்லை, தரவரிசைக்காகத்தான். பெண்கள் டென்னிஸ் சங்கமான டபிள்யூடிஏவின் டபுள்ஸ் தரவரிசைப் பட்டியலில் பெயர் வர மூன்று போட்டிகளில் புள்ளி எடுத்திருக்க வேண்டும், அல்லது மொத்தம் 10 புள்ளி சேர்த்திருக்க வேண்டும். டிராவில், அதாவது யார் யாரோடு மோதுவது என்ற பட்டியலில், 16 ஜோடிகள், குவாலிஃபையிங் கிடையாது, நான்கு மேட்ச் வென்றால் பட்டம். சிங்கிள்ஸில் குவாலிஃபையிங் சுற்றுகள் முடித்து, அப்புறம் 32 பேர் டிராவில் ஐந்து சுற்று ஆடுவதோடு ஒப்பிட்டால் இது குறுக்கு வழி மாதிரி தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் குவாலிஃபையிங் இல்லை என்றால் ஆடி உள்ளே நுழைய வழியே இல்லை என்று அர்த்தம். இருவரின் தரவரிசையையும் கூட்டிப் பார்த்து, கூட்டுத்தொகை குறைவான ஜோடிகளை வரிசையாக எடுப்பார்கள். சிங்கிள்ஸ், டபுள்ஸ் இரண்டில் எது நல்லதோ அதைக் கணக்கில் வைக்கலாம். ரேங்க் இல்லாதவர் வரிசையின் அடியில்தான் நிற்க வேண்டும், அங்கேயும் இடம் சீட்டுக் குலுக்கலில்தான்.

மொனாஸ்டிரை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்றால், அங்கே ஒரே ஊரில், ஒரே ஹார்ட் கோர்ட்டில், வாரா வாரம் டபிள்யூ15 நடக்கிறது. ஒரு விமான டிக்கெட்டில் இரண்டு மூன்று வாரம் ஆடலாம். அந்தக் கணக்கு சரிதான், இப்போதும் அதையே சொல்வேன். ஆனால் எந்த வாரம் என்பதை நான் பார்க்கவில்லை, மலிவான டிக்கெட் கிடைத்த வாரத்தைப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டியது இரண்டு. அதே வாரம் வேறு எங்கெல்லாம் டபிள்யூ15, டபிள்யூ35 நடக்கிறது என்பது ஒன்று. பக்கத்தில் பெரிய போட்டி இருந்தால் பலமான பெண்கள் அங்கே போய்விடுவார்கள், இங்கே வாசல் அகலமாகும். இன்னொன்று, முந்தைய நாலைந்து வாரங்களின் டபுள்ஸ் டிரா. ஐடிஎஃப் தளத்தில் எல்லாம் கிடக்கிறது. ஒவ்வொரு டிராவிலும் கடைசியாக உள்ளே வந்த ஜோடி யார், அவர்கள் ரேங்க் என்ன என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அரை மணி நேர வேலை. நான் அதைத் திரும்பி வந்தபின் செய்து பார்த்தேன். நான் போன முதல் வாரத்தில் ரேங்க் இல்லாத ஜோடிக்கு வாய்ப்பே இல்லை என்பது பளிச்சென்று தெரிந்தது.

பார்ட்னர் விஷயத்துக்கு வருகிறேன். கிழக்கு ஐரோப்பியப் பெண் ஒருத்தி, எனக்கு இன்ஸ்டாவில் மட்டும் பழக்கம், மூன்று வாரம் முன்பே சேர்ந்து ஆடச் சம்மதித்திருந்தாள். அவளுக்கு டபிள்யூடிஏ ரேங்க் உண்டு. அவள் ரேங்கை நம்பித்தான் நான் டிக்கெட் எடுத்தேன். டபுள்ஸ் பதிவு மூடும் அன்று காலை, அவள் நாட்டுக்காரி ஒருத்தி, என்னைவிட எவ்வளவோ நல்ல ரேங்கில் இருப்பவள், கடைசி நேரத்தில் வந்து இறங்கினாள். பதிவு மூட நாற்பது நிமிடம் இருக்கும்போது எனக்கு ஒரு மெசேஜ் வந்தது, மன்னிப்பும் ஒரு அழும் முகமும். ஹோட்டல் லாபியில் உட்கார்ந்து அழுதேன் என்பதைச் சொல்ல வெட்கமில்லை. ஆனால் அது அங்கே தினசரி நடப்பது. விதிப்படி தப்பும் இல்லை, பதிவு மூடும்வரை யாரும் யாரோடும் சேரலாம். மூடி டிரா போட்டபின் பார்ட்னரை மாற்ற முடியாது. அதனால்தான் எல்லாக் கூத்தும் அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில் நடக்கிறது.

இதைத் தடுக்க முழு வழி இல்லை, குறைக்க வழி இருக்கிறது. போட்டியின் ஃபேக்ட் ஷீட் என்று ஒரு தாள் ஐடிஎஃப் தளத்திலேயே கிடைக்கும். டபுள்ஸ் பதிவு எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது, ஆன்லைனா நேரிலா, நுழைவுக் கட்டணம் எவ்வளவு, எந்தப் பந்து, வரி எத்தனை சதவீதம் என்று எல்லாம் அதில் இருக்கும். பதிவு திறந்ததுமே பெயரைப் போட்டுவிடச் சொல்லுங்கள், கடைசி நாள்வரை இழுத்தடிக்கும் பார்ட்னர் இன்னும் நல்ல ஆளைத் தேடுகிறாள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் இரண்டு பெயரும் ஏறியிருக்கிறதா என்று போட்டியை மேற்பார்க்கும் சூப்பர்வைசர் மேசையில் கண்ணால் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கையில் இரண்டாவது ஆள் ஒருத்தி இருக்க வேண்டும். அவளிடம் ஒளிக்காமல் சொல்லிவிடலாம்: எனக்கு வேறு ஒருத்தியோடு பேச்சு இருக்கிறது, அது கலைந்தால் நீ வருவாயா என்று. அங்கே யாரும் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை. நம்மூரில் வளர்ந்த எனக்குத்தான் இப்படிக் கேட்பது மரியாதைக்குறைவாகப் பட்டது.

அந்த நாற்பது நிமிடத்தில் கிடைத்தவள் என்னைப் போலவே ரேங்க் இல்லாதவள். பட்டியல் ஒட்டியபோது நாங்கள் மூன்றாவது ஆல்டர்நேட். அதாவது உள்ளே இருக்கும் மூன்று ஜோடிகள் விலகினால்தான் எங்களுக்கு இடம். ஆல்டர்நேட்டாக இருப்பது ஒரு தனி வேலை. தினமும் காலை முதல் ஆட்டத்துக்கு முன்பே ரெஃப்ரி அறையில் கையெழுத்துப் போட வேண்டும், ஷூ மாட்டி, ராக்கெட் பையோடு, அழைத்தால் உடனே கோர்ட்டுக்குப் போகிற நிலையில் காத்திருக்க வேண்டும். தேடி வந்து கூப்பிட மாட்டார்கள். இருவரும் அங்கே இருக்க வேண்டும், ஒருத்தி அறையில் தூங்கினால் இடம் அடுத்த ஜோடிக்குப் போய்விடும். செவ்வாய் ஒரு ஜோடி விலகியது, புதன் பிற்பகல் இன்னொன்று. மூன்றாவது விலகவில்லை. குளிர்காற்றில் இரண்டு நாள் வாழைப்பழமும் ரொட்டியும் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்ததுதான் என் முதல் வாரம். அந்த இரண்டு நாளுக்கு ஹோட்டல் செலவு மட்டும் 12,000 ரூபாய். மூன்றாவது ஆல்டர்நேட் என்றால் காத்திருங்கள், ஆனால் காத்திருக்கும் நேரத்தைப் பயிற்சிக் கோர்ட் ஓரமாகக் கழியுங்கள். சிங்கிள்ஸில் தோற்ற பெண்கள் அங்கேதான் திரும்பி வருவார்கள், அடுத்த வாரப் பார்ட்னர் அங்கேதான் இருக்கிறாள்.

எனக்கும் அப்படித்தான் கிடைத்தாள். புதன் மாலை ஒரு வட ஆப்பிரிக்கப் பெண்ணோடு இரண்டு பயிற்சி செட் ஆடினேன். இடக்கை, நல்ல சர்வ். (அந்த வட்டாரப் பெண்கள் எல்லோருக்கும் துனிசிய டென்னிஸ் நட்சத்திரம் ஓன்ஸ் ஜபூர் கதை மனப்பாடம். அவர் பிறந்த க்ஸார் ஹெலால் பக்கத்தில்தான் என்று குறைந்தது ஆறு பேர் என்னிடம் சொல்லியிருப்பார்கள்.) பார்ட்னர் தேடும்போது ரேங்குக்கு அடுத்துக் கேட்க வேண்டியது அவள் எந்தப் பக்கம் நின்று ரிட்டர்ன் செய்வாள், அதாவது எதிராளியின் சர்வைத் திருப்பி அடிப்பாள் என்பது. இருவரும் வலப்பக்கம்தான் பழக்கம் என்றால் ஒருத்தி வாரம் முழுக்கத் தடுமாறுவாள். அவள் இன்னும் சிங்கிள்ஸில் இருக்கிறாளா, கால் தொடையில் டேப் ஒட்டியிருக்கிறாளா என்றும் பாருங்கள். சிங்கிள்ஸில் அரையிறுதிவரை போகிறவள் உடம்பைக் காப்பாற்ற முதலில் கைவிடுவது டபுள்ஸைத்தான். அடுத்த வாரம் வேறு ஊரில் குவாலிஃபையிங் ஆடப் போகிறாளா என்பதும் முக்கியம். குவாலிஃபையிங் பெரும்பாலும் ஞாயிறே தொடங்கிவிடும், டபுள்ஸ் இறுதியோ பல இடங்களில் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை டிக்கெட் வைத்திருப்பவளோடு ஆடினால் காலிறுதி வென்றாலும் அடுத்த சுற்றை நடக்காமலே விட்டுக்கொடுக்க நேரும். எங்கள் பக்கத்து அறை ஜோடிக்கு அது நடந்தது.

இரண்டாம் வாரம் கடைசி இடத்தில் டிராவுக்குள் வந்தோம். டபுள்ஸ் முதல் சுற்றை சிங்கிள்ஸ் முடிந்தபின் போடுவார்கள், அட்டவணையில் நேரம் இருக்காது, முந்தைய மேட்சுக்குப் பின் என்று மட்டும் இருக்கும். முன்னால் ஆடுபவர் காயத்தால் நிறுத்தினால் உங்கள் மேட்ச் ஒரு மணி நேரம் முன்னே வந்துவிடும். அழைத்துப் பத்து நிமிடத்துக்குள் கோர்ட்டில் இல்லை என்றால் அபராதம், பதினைந்தைத் தாண்டினால் மேட்சே போச்சு. ஆகவே முன்னால் ஓடும் மேட்சின் ஸ்கோரைப் பார்த்துக்கொண்டே இருங்கள், இரண்டாம் செட் 3-3 ஆகும்போது வார்ம்-அப் தொடங்குங்கள். பந்து பொறுக்க ஆள் இருக்க மாட்டார்கள், நாமேதான். புள்ளிக்குப் புள்ளி 25 விநாடிதான் என்பதால், முடிந்த கையோடு யார் எந்தப் பந்தை எடுப்பது என்றுகூட முன்பே பேசி வைக்க வேண்டும். ஜனவரியில் அங்கே மாலை ஐந்தரைக்குள் சூரியன் இறங்கிவிடும், கடற்காற்று குளிர்ந்து பந்து கனத்துவிடும். பகலில் 52 பவுண்டு இறுக்கத்தில் கட்டிய ஸ்ட்ரிங் மாலையில் பலகை மாதிரி இருந்தது. ஒரு ராக்கெட்டையாவது இரண்டு மூன்று பவுண்டு குறைத்துக் கட்டி வைத்திருக்க வேண்டும். ஸ்ட்ரிங் ரீல் வீட்டிலிருந்தே கொண்டு போங்கள், அங்கே கட்டுக்கூலி மட்டும் கொடுத்தால் போதும். நான் இரண்டு தடவை அங்கேயே ஸ்ட்ரிங்கும் வாங்கினேன், பயணத்துக்கு முன் வாங்கியதையும் சேர்த்து 11,000 ரூபாய்.

இந்த மட்டத்தில் டபுள்ஸ் நோ-ஆட் முறையில் நடக்கும். 40-40 ஆனால் ஒரே புள்ளி, அதை எடுத்தவருக்கு கேம். எந்தப் பக்கம் ரிட்டர்ன் வாங்குவது என்று சர்வை எதிர்கொள்ளும் ஜோடி முடிவு செய்யும், அதற்காக இருவரும் இடம் மாறி நின்றுகொள்ளக் கூடாது. அந்த மேட்சில் ஆறு தடவை 40-40 வந்தது, ஐந்தை இழந்தோம். காரணம் பெரிய ரகசியம் இல்லை. எங்கள் ரிட்டர்னில் ஒவ்வொரு தடவையும் 'நீயா, நானா' என்று முகத்தைப் பார்த்துக்கொண்டோம், எங்கள் சர்வில் என்ன செய்வது என்று பேசியதே இல்லை. எதிரில் இருந்தவர்கள் ஒவ்வொரு தடவையும் அதே திட்டம்: உடம்பை நோக்கி முதல் சர்வ், வலையில் நிற்பவள் குறுக்கே பாய்வது. கோர்ட்டுக்குள் நுழையும் முன்பே இதை முடிவு செய்யுங்கள். நம்பிக்கையான ரிட்டர்ன் யாருடையதோ அந்தப் பக்கம்தான், மேட்ச் முழுக்க மாற்றம் இல்லை. நம் சர்வில் முதல் சர்வை வேகம் குறைத்தாவது உள்ளே போட வேண்டும்.

முதல் செட் 4-6, இரண்டாவது 6-3. மூன்றாம் செட்டுக்குப் பதில் டைபிரேக், முதலில் பத்துப் புள்ளி எடுப்பவருக்கு வெற்றி, ஆனால் இரண்டு புள்ளி வித்தியாசம் வேண்டும். இங்கேதான் நான் இன்றுவரை தூக்கம் கெட்டு நினைக்கிற தவறு. இரண்டாம் செட்டில் சும்மா ஒரு மாற்றத்துக்காக என்னை முதலில் சர்வ் போட வைத்தோம், அது வேலை செய்தது. டைபிரேக்கில் எங்கள் பக்கம்தான் முதல் சர்வ், வரிசைப்படி மறுபடி நான். அப்படியே போட வேண்டும் என்று நினைத்துப் போட்டேன். விதி அப்படி இல்லை. எந்த ஜோடி தொடங்குவது என்பது மாறாது, ஆனால் கடைசி செட்டுக்குப் பதிலாக வரும் இந்த டைபிரேக்கை ஒரு புதுச் செட் மாதிரி எடுத்துக்கொண்டு, ஜோடிக்குள் யார் முதலில் சர்வ் போடுவது, யார் எந்தப் பக்கம் ரிட்டர்ன் செய்வது என்பதை மாற்றிக்கொள்ளலாம். நடுவர் தானாகச் சொல்ல மாட்டார். இதன் கணக்கைப் பாருங்கள்: முதல் சர்வ் போடுபவருக்கு 1, 8, 9, 16, 17ஆம் புள்ளிகள். அவர் பார்ட்னருக்கு 4, 5, 12, 13. ஆறு புள்ளிக்கு ஒரு தடவை கோர்ட்டின் முனை மாறும் என்பதால் 16உம் 17உம் முதல் புள்ளி போட்ட அதே முனையில் வரும். நெருக்கமான டைபிரேக் முடிவாவது அந்த இரண்டு புள்ளியில்தான். எங்களுக்கு அது காற்றை எதிர்த்த முனை. 8-7 என்று முன்னால் இருந்தோம், சர்வ் என்னுடையது. ஒன்று டபுள் ஃபால்ட், இரண்டு சர்வுமே தப்பு; சர்வுக்குத் தூக்கிப்போட்ட பந்தைக் காற்று பின்னால் இழுத்தது. அடுத்தது நடுக்கத்தில் தள்ளிவிட்ட இரண்டாம் சர்வ், அவள் ஓரத்தில் அடித்துவிட்டாள். 8-9. அடுத்த சர்வ் அவர்களுடையது. 8-10. என்னைவிட நல்ல சர்வ் உள்ள, இடக்கைக்காரி பார்ட்னர் வலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று இரவு முன்பின் தெரியாத கணக்கிலிருந்து ஒரு மெசேஜ்: அடுத்த வாரமும் ஆடுகிறாயா, உன் பார்ட்னருக்குத் தோள்வலியா என்று நட்பாகக் கேட்டிருந்தது. ஐடிஎஃப் போட்டிகளில் பதிய நேர்மை குறித்த ஆன்லைன் பாடம் ஒன்றை முடிக்க வேண்டும், நானும் கிளிக் செய்துகொண்டே போயிருந்தேன். அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. காயம் பற்றிய தகவல் சூதாடுபவர்களுக்குச் சரக்கு. சின்னப் போட்டி, சின்னப் பணம், தனியாக வந்த பெண் என்பதால்தான் தூண்டில் இங்கே விழுகிறது. பணம் தருவதாகவோ தோற்கச் சொல்லியோ யாராவது அணுகினால் ஐடிஐஏ என்ற நேர்மை அமைப்புக்கு உடனே தெரிவிக்க வேண்டும், மறைப்பதே தனிக் குற்றம். நான் பதில் போடாமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து சூப்பர்வைசரிடம் காட்டிவிட்டேன். ஐந்து நிமிட வேலை.

பணக் கணக்கையும் முழுசாகப் போட்டுவிடுகிறேன். சென்னையிலிருந்து தோஹா வழியாக டூனிஸ், போக வர 84,000. பதினைந்து இரவு ஹோட்டல் 90,000. டூனிஸிலிருந்து மொனாஸ்டிர் சுமார் 160 கிலோமீட்டர், இரவு இறங்கியதால் டாக்ஸி, திரும்பவும் டாக்ஸி, அது 14,000. ஸ்ட்ரிங் 11,000. நுழைவுக் கட்டணங்கள் 7,000. காப்பீடு, சிம், சலவை, தண்ணீர் 12,000. அறையைப் பகிர இன்னொரு பெண்ணை முன்பே பிடித்திருந்தால் ஹோட்டலில் கணிசமாக மிஞ்சியிருக்கும். பகலில் இறங்கும் விமானமாக எடுத்திருந்தால் டாக்ஸிக்குப் பதில் ரயிலிலோ பகிர்வு வேனிலோ வந்திருக்கலாம். துனிசிய தினாரை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகச் சட்டம் அனுமதிப்பதில்லை. தேவைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள், ரசீதை வைத்திருங்கள், மிஞ்சியதைத் திரும்ப மாற்ற அது வேண்டும். நான் ரசீதைத் தொலைத்துவிட்டு, விமான நிலையத்தில் யாருக்கோ கொடுக்கப் பேரீச்சம்பழப் பெட்டிகளாக வாங்கித் தள்ளினேன்.

அடுத்த பயணத்துக்கு இப்போதே மூன்று பெண்களிடம் பேச்சு ஓடுகிறது. டிக்கெட் எடுக்கும் முன் மூவருக்கும் ஒரே மெசேஜைத்தான் அனுப்பினேன், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்: "எந்த வாரம், உன் சிங்கிள்ஸ் ரேங்க், டபுள்ஸ் ரேங்க் என்ன? எந்தப் பக்கம் ரிட்டர்ன்? உடம்பில் இப்போது ஏதாவது வலி உண்டா? திரும்பும் டிக்கெட் எந்த நாள்? பதிவு திறக்கும் நாளே இருவரும் பெயர் கொடுப்போமா? வேறு யாரிடமாவது பேசி வைத்திருந்தால் இப்போதே சொல், தப்பில்லை." ஒருத்தி பதிலே போடவில்லை. ஒருத்தி, வேறு ஆள் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டாள். மூன்றாமவள் எல்லாக் கேள்விக்கும் வரிசையாகப் பதில் எழுதி, கடைசியில் டைபிரேக்கில் யார் முதல் சர்வ் என்று திருப்பிக் கேட்டாள்.